நாலு மணிக்குள் ஒரு மலை

சுந்தரராமன் ஸ்டூலின் மேல் ஏறி நின்று பரணின் கதவைத் திறந்தார். முதலில் ஒரே ஒரு பிளாஸ்டிக் பை வெளியே வந்தது. அவசரமில்லாமல், காற்றில் ஆடி அசைந்து, அவருடைய மூக்குக் கண்ணாடியின் மேல் உட்கார்ந்தது. அதை எடுத்து என்ன பையென்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே மீதியெல்லாம் வந்தன.

கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி பத்மஜா ஒதுங்கிக்கொண்டாள். வெள்ளைப் பை, பச்சைப் பை, மருந்துக்கடைப் பை, புடவைக்கடைப் பை, மீன்வலை மாதிரி ஓட்டை விழுந்த வெங்காயப் பை எல்லாம் சரசரவென்று இறங்கிக்கொண்டே இருந்தன. ஒரு வழியாக நின்றபோது ஸ்டூலின் கால்கள் தெரியவில்லை.

"இவ்வளவுதானா?" என்று கேட்டார் சுந்தரராமன்.

"இது பெரிய பை மட்டும்தான்," என்றாள் பத்மஜா. "சின்னதெல்லாம் வாஷிங் மெஷினுக்குப் பின்னாடியாக்கும் இருக்கு. அதுக்கப்புறம் கட்டிலுக்கு அடியில."

சுந்தரராமன் மெதுவாக இறங்கினார். மணி காலை பத்து. சரியாக நாலு மணிக்கு, நகரத்தின் இன்னொரு பக்கம் இருக்கும் செம்பூரிலிருந்து பாகீரதி வருகிறாள்.

பாகீரதியைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் மகள் மானசா சொன்னதுதான். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கணவர் இல்லை. ஒரே பிள்ளை அஷ்வத். அந்த அஷ்வத்தைத்தான் மானசாவுக்குப் பிடித்திருந்தது. ஆறு வருஷமாக வந்த ஜாதகங்களையெல்லாம் பிரித்துக்கூடப் பார்க்காதவள், முப்பத்தோரு வயதில், "அப்பா, இவன் சரி," என்று தானாக வந்து சொன்னாள். அன்று சுந்தரராமனுக்குத் தூக்கமே வரவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

நேற்று இரவு தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே அவள் இன்னொன்றும் சொன்னாள்.

"அஷ்வத்தோட அம்மாக்கு பிளாஸ்டிக் பைன்னா ஆகவே ஆகாது. அவாத்துல மருந்துக்குக்கூட ஒண்ணு கிடையாது. போன வருஷம் ஒருத்தராத்துக்குப் பொண்ணு பார்க்கப் போயிட்டு, கிச்சன்ல பத்துப் பை தொங்கறதைப் பார்த்தாளாம். காபிகூடக் குடிக்காம எழுந்து வந்துட்டா."

சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துப் படுக்கப் போய்விட்டாள். காலையில் அரை நாள் ஆபீஸ் என்று கிளம்பியும் போய்விட்டாள்.

இந்தப் பைகள் இத்தனை சேர்ந்ததற்கு ஒருத்தரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சுந்தரராமன் ஒரு கப்பல் கம்பெனியில் மேலாளர். சோபாவில் உட்கார்ந்தபடி ஃபோனைத் தடவி எல்லாவற்றையும் வரவழைப்பார். காலையில் பச்சைமிளகாய், மத்தியானம் ஒரு எலுமிச்சம்பழம், சாயங்காலம் பேனா. ஒவ்வொன்றும் தனித்தனிப் பையில் வரும். பத்மஜா ஒவ்வொரு பையையும் தடவிப் பார்த்து, "நல்ல பை," என்று மடித்து வைப்பாள். இந்த வீட்டுக்கு வந்த இருபத்தாறு வருஷத்தில் அவள் ஒரு பையைக்கூடத் தூக்கி எறிந்தது கிடையாது.

"எல்லாத்தையும் ஒரு மூட்டையாக் கட்டிக் கீழே கச்ரா டப்பாவில போட்டுடறேன்," என்றார் சுந்தரராமன்.

போட்டுவிட்டு மேலே வந்து மூச்சு வாங்குவதற்குள் வாட்ச்மேன் மூட்டையோடு வாசலில் நின்றான். உலர்ந்த குப்பைக்கு வண்டி புதன்கிழமைதான் வருமாம். இவ்வளவு பெரிய மூட்டை கேட்டுக்குப் பக்கத்தில் கிடந்தால் காற்றில் பிரிந்து தெருவெல்லாம் பறக்குமாம். அவன் சொன்னது சரிதான். பாகீரதி அந்தக் கேட் வழியாகத்தான் வர வேண்டும்.

எதிர்வீட்டு அனந்தகிருஷ்ணன் நல்ல மனிதர். கட்டடத்தின் செகரெட்டரியும்கூட. சுந்தரராமன் அவருடைய மணியை அடித்தார். உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"ஒரு நல்ல காரியத்துக்காகக் கொஞ்சம் பிளாஸ்டிக் பை சேர்த்துண்டிருக்கேன். சாயங்காலம் வரைக்கும் உங்காத்துல வெச்சுக்க முடியுமா?"

அனந்தகிருஷ்ணன் மூட்டையைப் பார்த்தார். பிறகு சுந்தரராமனைப் பார்த்தார். அவருடைய கண் கலங்கியது.

"இத்தனை வருஷமா எதிர்லயே இருக்கேள். சொல்லவே இல்லையே," என்றார். "எங்காத்துல பெயின்டர் வேலை பண்ணிண்டிருக்கான், வைக்க இடமில்லை. ஆனா என்னால முடிஞ்ச ஒத்தாசை பண்றேன்."

பத்து நிமிஷத்தில் கட்டடத்தின் வாட்ஸ்ஆப் குழுவில் செய்தி வந்தது. மூன்றாம் மாடி சுந்தரராமன் பிளாஸ்டிக் ஒழிப்புக்காகப் பைகளைச் சேகரிக்கிறார், எல்லோரும் தங்கள் வீட்டில் இருப்பதைத் தந்து உதவ வேண்டும்.

முதலில் கீழ்வீட்டு குஜராத்தி அம்மாள் இரண்டு தலையணை உறைகளில் திணித்துக் கொண்டுவந்தாள். ஐந்தாம் மாடியிலிருந்து ஒருவர் ஒரு பழைய கொசுவலையில் கட்டி லிஃப்டில் அனுப்பினார். வேண்டாமென்று சொல்ல வாயெடுப்பதற்குள் ஒவ்வொருவரும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள். பன்னிரண்டு மணிக்குள் பதினோரு வீட்டுப் பைகள் ஹாலில் இருந்தன. மலை இப்போது சுந்தரராமனின் மார்பு உயரம் வந்தது.

கணவனும் மனைவியும் அதற்கு முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். ஃபேன் காற்றில் அதன் மேல்பகுதி மட்டும் லேசாக அசைந்தது. உயிருள்ளது மாதிரி இருந்தது.

"ஒரு கட்டடத்துக்கே இவ்வளவுன்னா," என்று ஆரம்பித்த சுந்தரராமன், அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

"நீங்க போய்ப் பழம் வாங்கிண்டு வாங்கோ," என்றாள் பத்மஜா. "துணிப்பை எடுத்துண்டு போங்கோ. ஆப்லேர்ந்து வரவழைக்க வேண்டாம். இதையெல்லாம் எங்கேயாவது அடைச்சுடறேன்."

கிங்ஸ் சர்க்கிள் பக்கம் இருந்த சூப்பர் மார்க்கெட்டுக்கு சுந்தரராமன் துணிப்பையோடு போனார். வாசலில் செக்யூரிட்டி அந்தப் பையை வாங்கிச் சுருட்டினார். ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் போட்டார். வாயை ஒரு பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டித் திருப்பிக் கொடுத்தார். வெளியிலிருந்து கொண்டுவரும் பையைத் திறந்தபடி உள்ளே கொண்டுபோகக் கூடாதாம்.

நாலு ஆப்பிளை எடுத்துக்கொண்டு எடை போடும் பெண்ணிடம் நீட்டினார்.

"பையில போட்டுக் கொடுங்க அங்கிள். ஸ்டிக்கர் பைமேலதான் ஒட்டணும்."

"பழத்து மேலயே ஒட்டிடேன்மா."

"பழத்துல ஏற்கெனவே ஒரு ஸ்டிக்கர் இருக்கே," என்றாள் அந்தப் பெண்.

ஆப்பிளை வைத்துவிட்டு அவர் கடைக்குள் நடந்தார். பிளாஸ்டிக் சுற்றாத ஏதாவது ஒன்றை வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தார். அரிசி வரிசையில் இல்லை. பருப்பில் இல்லை. உப்பு, சீயக்காய், ஊறுகாய், ரவை எதிலும் இல்லை. வெள்ளரிக்காய்கூட ஒவ்வொன்றாக இறுக்கமாக உடுத்திக்கொண்டு அடுக்கியிருந்தது. வாரத்துக்கு நாலு தடவை வந்துபோகும் கடை. இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்ப்பது போல இருந்தது. கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பது போல அவர் அந்த அலமாரிகளைத் தரையிலிருந்து கூரை வரைக்கும் பார்த்தார். விளக்கு வெளிச்சத்தில் எல்லாம் பளபளவென்று மின்னின. அழகாகத்தான் இருந்தது. அதுதான் பயமாகவும் இருந்தது.

மானசாவுக்கு ஐந்து வயதிருக்கும்போது ஒரு மழைநாளில், இதே தெருவில், இடுப்பளவு தண்ணீரில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். சாக்கடையெல்லாம் அடைத்துக்கொண்டு, சுற்றிலும் பைகள் உப்பி மிதந்தன. "அப்பா, தண்ணியெல்லாம் பூ," என்று அவள் கை தட்டினாள். பூ இல்லையென்று அவளிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டதும் அதை மறந்தும் போனார்.

முடிவில் இரண்டு தேங்காயும் ஒரு அன்னாசிப்பழமும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். அந்தக் கடையில் வெறும் உடம்போடு இருந்தவை அவை மட்டும்தான்.

வீட்டுக்கு வந்தபோது மலையைக் காணவில்லை. ஹால் பளிச்சென்று இருந்தது. சுந்தரராமன் அசந்துபோனார்.

"எங்கேடீ போச்சு?"

"மூணு பெட்டி ரொம்பிடுத்து. தலகாணி, மெத்தை, திண்டு எல்லாத்துலேர்ந்தும் பஞ்சை எடுத்து மொட்டைமாடியில காய வெச்சுட்டு அடைச்சிருக்கேன். சோபாவில பார்த்து உட்காருங்கோ," என்றாள் பத்மஜா. "பாக்கியை டபுள் காட் பெட்ஷீட்ல கட்டி பெட்ரூம்ல வெச்சிருக்கேன். அது ஒண்ணுதான் எங்கயும் நுழைய மாட்டேங்கறது."

அவர் எட்டிப் பார்த்தார். பெட்ரூமில் ஒரு எருமை படுத்திருப்பது போல இருந்தது.

மூன்றரை மணிக்கு மானசா வந்தாள். பெட்ரூம் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்பா, இது நம்மாத்துதா?"

"கால்வாசி நம்மாத்துது," என்றார் சுந்தரராமன்.

மானசாவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இவ்வளவு இருக்குமென்று அவளும் நினைத்திருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அடுக்களையிலிருந்து தீய்ந்த வாசனை வந்தது. பஞ்சோடு மல்லுக்கட்டிய மும்முரத்தில் பத்மஜா அடுப்பிலிருந்த பாலை மறந்திருந்தாள். வீட்டில் வேறு பால் இல்லை. சம்பந்தியாகப் போகிறவளுக்குக் காபி கொடுக்காமல் இருக்க முடியாது. மணி மூன்றே முக்கால். பழக்கதோஷம், சுந்தரராமனின் விரல் தானாகவே ஃபோனில் ஓடியது. பால் ஒரு பாக்கெட். பஜ்ஜிக்குச் சட்னி அரைக்கக் கொத்துமல்லி ஒரு கட்டு. பத்து நிமிஷத்தில் வந்துவிடும், வந்ததும் பையை உருவி வாங்கிக்கொண்டால் போயிற்று.

நாலு மணிக்கு லிஃப்ட் திறந்தது. பாகீரதி வந்தாள். கூடவே அஷ்வத் வந்தான். அவர்களுக்குப் பின்னால் ஹெல்மெட் போட்ட டெலிவரிக்காரரும் வந்தார். பால் ஒரு பையில், கொத்துமல்லி ஒரு பையில், இலவசமாக வந்த இரண்டு பச்சைமிளகாய் ஒரு பையில், மூன்றும் சேர்ந்து இன்னொரு பையில்.

பாகீரதி மெலிந்த, நிமிர்ந்த பெண்மணி. புடவைத் தலைப்பில் ஆறு மாம்பழத்தை ஏந்திப் பிடித்திருந்தாள். மறு கையில் வாழையிலையில் சுற்றிய பூ, தோளில் ஒரு துணிக் கைப்பை. அஷ்வத் ஒரு எவர்சில்வர் தூக்கைத் தூக்கிக்கொண்டிருந்தான். ஒரு காகிதம்கூடக் கண்ணில் படவில்லை. சுந்தரராமனுக்குக் கை தானாகக் கூப்பிக்கொண்டது.

"சுந்தரராமன்?" என்று கேட்டார் டெலிவரிக்காரர்.

"அப்படி இங்க யாரும் இல்லையே," என்றார் சுந்தரராமன்.

டெலிவரிக்காரர் அவருடைய தலைக்கு மேலே இருந்த பெயர்ப்பலகையைப் பார்த்தார். பிறகு ஃபோனை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார். சுந்தரராமனின் சட்டைப்பையில் மணி அடித்தது.

அவர் அதைக் கையால் பொத்திக்கொண்டார். பாகீரதிதான் கடைசியில் மெல்லிய குரலில், "ஏதோ தப்பு நடந்திருக்கும். பாவம், அவாளும் மனுஷாதானே, போகட்டும்," என்றாள்.

டெலிவரிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு பாலோடு திரும்பிப் போனார். ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறாள், இன்னொன்று கிடைக்காது என்று சுந்தரராமன் புரிந்துகொண்டார்.

"டிரைவர் மாரிக்கண்ணன் பின்னாடி சந்துல வண்டியை நிறுத்திண்டிருக்கார். தாராவிக்காரர், ரொம்ப நாளா வரவர்," என்று ஏதோ சொல்லிக்கொண்டே பாகீரதி சோபாவில் உட்கார்ந்தாள்.

சோபா சரசரவென்று சத்தம் போட்டது.

பாகீரதி துள்ளி எழுந்து தன் கைப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பத்மஜா ஜன்னலைப் பார்த்தாள்.

"மழை வந்துடுத்துபோல," என்றாள் பத்மஜா.

"ஆமாம், ஜூன் மாசமில்லையா," என்றாள் பாகீரதி அவசரமாக. வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் மறுபடி மிக மெதுவாக உட்கார்ந்தாள். அதற்கப்புறம் கடைசி வரைக்கும் அசையவில்லை. இப்படியொரு ஒழுங்கை சுந்தரராமன் எந்தச் சந்நியாசியிடமும் பார்த்ததில்லை.

காபி வந்தது. பால் இல்லாத கறுப்புக் காபி.

"பால் பாக்கெட் பிளாஸ்டிக்கில வரதில்லையா," என்றாள் பத்மஜா, வேறு வழி தெரியாமல். "அதனால நாங்க பாலே வாங்கறதில்லை."

பாகீரதியின் முகம் வெளுத்தது. "பாலே வாங்கறதில்லையா?"

"இல்லை."

"தயிர்?"

பத்மஜா கணவனைப் பார்த்தாள். "தயிரும்தான்," என்றார் சுந்தரராமன். ஐம்பத்தெட்டு வருஷத்தில் ஒரு நாள்கூடத் தயிர்சாதம் இல்லாமல் சாப்பாட்டை முடிக்காதவர்.

"ரொம்பப் பெரிய விஷயம்," என்றாள் பாகீரதி. டம்ளரை எடுத்து, அந்தக் கசப்பை ஒரு சொட்டு விடாமல், முகம் மாறாமல் குடித்து முடித்தாள். மானசாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. அஷ்வத் மாம்பழங்களை எண்ணிக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. பாவம், பயந்துபோயிருக்கிறார்கள் என்று சுந்தரராமன் நினைத்தார்.

பாகீரதி டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு பேசினாள்.

"எனக்குச் சுத்திவளைச்சுப் பேசத் தெரியாது. எனக்குச் சம்மதம். இப்படி ஒரு ஆத்துப் பொண்ணு எங்காத்துக்கு வரதுக்கு நாங்க கொடுத்து வெச்சிருக்கணும்."

பத்மஜாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுந்தரராமன் மகளைப் பார்த்தார். மானசா தலையைக் குனிந்துகொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். இந்தச் சிரிப்புக்காக வாழ்நாள் முழுக்கக் கறுப்புக் காபி குடிக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

"போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஆசை," என்றாள் பாகீரதி. "வீட்டை ஒரு தரம் முழுக்கச் சுத்திப் பார்க்கட்டுமா? கிச்சன், பெட்ரூம் எல்லாம். பார்த்துக் கத்துக்கணும்."

"தாராளமா," என்றாள் பத்மஜா, கணவனைப் பார்த்துக் கண்ணை உருட்டிக்கொண்டு. "கிச்சன்லேர்ந்து ஆரம்பிக்கலாம், வாங்கோ."

அவர்கள் கிச்சனுக்குள் நுழைந்ததும் சுந்தரராமன் பெட்ரூமுக்குள் நுழைந்தார். மூட்டையைத் தூக்கினார். தூக்கியதும் ஒரு நிமிஷம் திகைத்து நின்றார். பதினோரு வீட்டுப் பைகளில் மிச்சம், வருஷக்கணக்கில் சேர்ந்தவை. கையில் கனமே தெரியவில்லை. ஒரு பூனைக்குட்டிகூட இதைவிடக் கனமாக இருக்கும். இவ்வளவு லேசான ஒன்றுதானா ஒரு தெருவையே முழுக வைத்தது என்று ஆச்சரியப்பட நேரமில்லை. பின்பக்க பால்கனியின் கதவில் மூட்டை சிக்கிக்கொண்டது. முதுகைக் கொடுத்துத் தள்ளினார். அது பொத்தென்று வெளியே போனது, அவரும் பின்னாலேயே போனார். இரும்புப் படிக்கட்டில் மூன்று மாடி இறங்கினார். சட்டைப் பட்டன் இரண்டு தெறித்தன. ஒரு செருப்பு இரண்டாம் மாடியிலேயே தங்கிவிட்டது.

சந்தில் ஒரு டாக்ஸி நின்றது. காக்கிச் சட்டை போட்ட, தலை நரைத்த டிரைவர் அதில் சாய்ந்தபடி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, சலவைத் துணியா?" என்று கேட்டார்.

"நீங்கதான் மாரிக்கண்ணனா? தாராவிக்குத்தானே போவேள்?" சுந்தரராமனுக்கு மூச்சிரைத்தது. "அங்க பிளாஸ்டிக் தரம் பிரிக்கற இடம் இருக்குமே. இதை அங்க சேர்த்துடணும். இப்பவே வண்டியில வெச்சுடுங்கோ, யாரும் பார்க்கறதுக்குள்ள."

மாரிக்கண்ணன் மூட்டையை ஒரு விரலால் அமுக்கினார். அது சரசரத்தது. அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"பையா?"

"பைதான்."

"டிக்கியில எடம் இல்லையே அண்ணாச்சி," என்று சொல்லிக்கொண்டே அவர் டிக்கியைத் திறந்தார். சரசரவென்று ஒரு பச்சைப் பை வெளியே வந்து சுந்தரராமனின் செருப்பில்லாத காலில் விழுந்தது. உள்ளே மூன்று சாக்கு, வாய் பிதுங்கப் பிளாஸ்டிக் பைகள்.

"இதெல்லாம் யாருது?" என்று கேட்டார் சுந்தரராமன்.

"எங்க செம்பூரு டீச்சரம்மா வீட்டுது. சம்பந்தம் முடிஞ்சா பொண்ணுக்கு அப்பா நாளைக்கே வீடு பாக்க வந்துருவாராம், ஒத்தப் பையைப் பாத்தாலும் எந்திரிச்சுப் போயிருவாராம். மவன் நேத்து சொன்னதுலேருந்து அந்தம்மா சோறு திங்கல. ரெண்டு நாளா அள்ளுதாவ, தீரல." மாரிக்கண்ணன் மூட்டையை வாங்கி முன் சீட்டில் திணித்துக் கதவைச் சாத்தினார். பிறகு மூன்றாம் மாடி ஜன்னலை ஒரு தடவை பயபக்தியோடு நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் ரெண்டையும் சேத்துக் கொண்டு போயிருதேன். நீரு மேல போவும்போது மட்டும் சூதானமாப் போவும், சுந்தரராமன்னு ஒரு மகான் இந்தக் கட்டடத்துலதான் இருக்காராம்."